பாறைக்குப் படகேறும் முன் காற்றைக் கேளுங்கள்

கன்னியாகுமரிக் கரையிலிருந்து சுமார் அரைக் கிலோமீட்டர் தள்ளி நிற்கும் விவேகானந்தர் பாறை, வள்ளுவர் பாறை இரண்டும் எனக்குத் தீவுகள்தான். வீட்டுக்கு யார் வந்தாலும் அங்கே கூட்டிப்போவது என் வேலை.

முதலில் காற்று. ஆனி, ஆடியில் கச்சான் என்ற மேல்காற்று வலுத்தால் படகு நின்றுவிடும். ஒருமுறை தென்காசியிலிருந்து வந்த சித்தியோடு இரண்டு மணி நேரம் வரிசையில் நின்று, பாறையைப் பார்க்காமலே திரும்பினேன். அறுந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த மாமா காலையிலேயே சொன்னார்: "கச்சான் ஏறுது மக்களே, இண்ணைக்குப் படகு விடமாட்டாவ." அதனால் கடற்கரையில் யாராவது வலையோடு இருந்தால் கேட்டுவிட்டு வரிசைக்குப் போங்கள். மார்கழி, தையில் கடல் பரவாயில்லை. ஆனால் ஐயப்ப பக்தர்கள் கூட்டம் இருக்கும், முதல் படகுக்கே போய்விடுங்கள்.

படகு நம்மை இறக்கிவிடும் இடம் விவேகானந்தர் பாறை. 1970-ல் மண்டபம் திறப்பதற்கு வெகுகாலம் முன்பே இது குமரி அம்மன் ஒற்றைக்காலில் தவமிருந்த பாறை. ஸ்ரீபாத மண்டபத்தில் அந்தப் பாதத்தடத்தைப் பார்க்காமல் வராதீர்கள். வெறுங்காலோடு நடக்க வேண்டியிருக்கும், உச்சிவெயிலில் கல் சுடும்.

பிறகு தெற்கு ஓரத்துக்குப் போங்கள். பெரும்பாலோர் ஒரு படம் எடுத்ததும் நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. கால் மணி நேரமாவது நில்லுங்கள். நேர் தெற்கே ஏறத்தாழ 5,000 கிலோமீட்டருக்குத் தண்ணீர்தான். அதற்கப்புறம் வரும் முதல் நிலம் ஆம்ஸ்டர்டாம் என்ற சின்ன பிரெஞ்சுத் தீவு.

வள்ளுவர் பாறைக்கு இப்போது நடந்தே போகலாம். 2024 டிசம்பர் 30-ல் திறந்த கண்ணாடிப் பாலம் 77 மீட்டர் நீளம். நடுவில் நின்று குனிந்து பாருங்கள்: இரு பாறைகளுக்கிடையே அலை புகுந்து, வெள்ளையாகப் பொங்கி, பாசி படிந்த கல்லை ஒரு நொடி காட்டிவிட்டு உறிஞ்சிக்கொண்டு பின்வாங்கும். சிலை 133 அடி. பீடம் 38 அடி, அறத்துப்பாலின் அதிகாரக் கணக்கு. மேலே உள்ள 95 அடி பொருளுக்கும் இன்பத்துக்கும். சிலையை வடித்த கணபதி ஸ்தபதி இடுப்பில் வைத்த அந்த லேசான வளைவைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால்தான் தெரியும்.

கரையேறியதும் பனைக்காலமாக இருந்தால் அக்கானி, அதாவது பதநீர், கேளுங்கள். டம்ளரில் வேண்டாம், ஓலைப்பட்டையில் ஊற்றச் சொல்லுங்கள். மடிப்பை உதட்டில் வைத்து உறிஞ்சும்போது பச்சை ஓலையின் மணமும் சேர்ந்து இறங்கும்.