மைல் வேகத்தை கிமீ ஆக்குறது, கிமீயை மைல் ஆக்குறது: வண்டி ஓட்டிட்டே போடுற மனக்கணக்கு

பஃபலோல பீஸ் பிரிட்ஜ் தாண்டி கனடாக்குள்ள போனா ரோட்டோரத்துல "மேக்சிமம் 100"னு போர்டு வரும். ஸ்கார்பரோல இருக்குற சித்தி பையன் வீட்டுக்குப் போயிட்டிருந்தோம். நாலு வருஷமா அமெரிக்காவுல 25, 55, 65னே பாத்துப் பழகின கண்ணு, 100ஐப் பாத்ததும் கால் தன்னால அமுக்கிருச்சு. பக்கத்துல இருந்த வீட்டுக்காரம்மா "ஏங்க அது கிலோமீட்டருங்க"னு கத்தினப்ப முள்ளு 80ல நிக்குது, மைல்ல 80, அதாவது கிட்டத்தட்ட 129 கிமீ. நெசமாவே 100 மைல்ல போயிருந்தா 161 கிமீ ஆயிருக்கும், அந்த ஒன்டாரியோ மாகாணத்துல ஹைவேல லிமிட்டுக்கு மேல 50 கிமீ போனாலே அதை ஸ்டண்ட் டிரைவிங்னு சொல்லி அந்த இடத்துலயே லைசென்ஸை 30 நாளைக்கும் வண்டியை 14 நாளைக்கும் பிடுங்கி வச்சுக்குவாங்க. அதுக்கப்புறம்தான் இந்த கணக்கை ஒழுங்கா கத்துக்கிட்டேன்.

சரியான கணக்குப்படி ஒரு மைல்னா 1.609344 கிமீ. ஒரு கஜம்னா 0.9144 மீட்டர்னு 1959ல அமெரிக்கா, பிரிட்டன், கனடா எல்லாம் சேர்ந்து முடிவு பண்ணாங்க, மைலுக்கு 1760 கஜம், பெருக்கிப் பாத்தா இந்த நம்பர் வந்துரும். ஆனா ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு யாரும் 1.609ஆல பெருக்கப் போறதில்ல, போனை எடுத்து கூகுள் பண்ணவும் கூடாது.

மைல்ல இருந்து கிமீக்கு வரணும்னா, அந்த நம்பர், அதுல பாதி, அந்த முழு நம்பர்ல பத்துல ஒண்ணு, மூணையும் கூட்டுங்க. 65 மைல்னா 65, 32.5, 6.5, மொத்தம் 104. உண்மையான விடை 104.6. ஸ்கூல் பக்கத்துல 25னு போர்டு இருந்தா 25, 12.5, 2.5, ஆக 40, நம்ம ஊர்ல தெருவுக்குள்ள போற வேகம்தான். லண்டன் பக்கம் ஓட்டுறவங்களுக்கு மோட்டார்வேல 70 லிமிட், 70ம் 35ம் 7ம் சேத்தா 112. விடை எப்பவும் துளி கம்மியாதான் வரும், ஆனா 100 மைல் வரைக்கும் போனாலும் ஒரு கிமீக்குள்ளதான் குறையும், அது போதும்.

திரும்பி வர்றப்ப, அதாவது கிமீல இருந்து மைலுக்கு, முதல்ல பாதி ஆக்குங்க, அப்புறம் அந்தப் பாதில கால்வாசியை அதோடயே சேருங்க. 100ல பாதி 50, அதுல கால்வாசி 12.5, மொத்தம் 62.5. நெச விடை 62.1. இந்தப் பக்கம் விடை கொஞ்சூண்டு கூடத்தான் வரும், அதனால லிமிட் பாத்து ஓட்டும்போது ஒண்ணு குறைச்சே வச்சுக்கோங்க. கனடாவுல ஊருக்குள்ள இருக்குற 50ஐப் போட்டுப் பாருங்க, 25, கூட 6, ஆக 31.

எல்லாரும் தப்பு பண்றது பெருக்கணுமா வகுக்கணுமாங்குற இடத்துலதான். ஒரு பானை தண்ணியை சொம்புல மொண்டா பத்து தடவை, டம்ளர்ல மொண்டா முப்பது தடவை இல்லையா, மைல் சொம்பு, கிமீ டம்ளர். அதனால அதே வேகத்துக்கு கிமீ நம்பர்தான் பெருசா இருக்கணும், சின்னதா வந்துச்சுன்னா திருப்பிப் போட்டுட்டீங்க.

கணக்கே வேண்டாம்னா ஸ்பீடோமீட்டரை நல்லா பாருங்க. அமெரிக்க வண்டில வெளி வட்டத்துல பெரிய எழுத்துல மைல், உள் வட்டத்துல எறும்பு சைஸ்ல கிமீ போட்டிருக்கும், நான் நாலு வருஷமா அதைக் கவனிச்சதே இல்ல. முழு டிஜிட்டல் டிஸ்ப்ளேன்னா செட்டிங்ஸ்ல யூனிட்ஸ்னு இருக்கும், பிரிட்ஜுக்கு முன்னாடியே எங்கயாவது நிறுத்தி மாத்திருங்க, ஓட்டிட்டே அதை நோண்டாதீங்க. சில வண்டில வேகத்தோட சேர்ந்து ஓடின தூரமும் கிமீக்கு மாறிடும், அதைப் பாத்து மீட்டர் கெட்டுப் போச்சுன்னு பயப்பட வேண்டாம்.

இன்னொரு கணக்கு, இது எனக்கு ரொம்பப் பிடிச்சது: 60 மைல் வேகம்னா நொடிக்கு சரியா 88 அடி. 60 அடிக்கு 40 அடி கிரவுண்டு மனை ஒண்ணை மனசுல வச்சுக்கோங்க, ஒரே ஒரு நொடி போனைப் பாத்துட்டு நிமிர்றதுக்குள்ள கிட்டத்தட்ட ஒன்றரை கிரவுண்டு நீளம் தாண்டியிருப்பீங்க.

கிரிக்கெட்லயும் இதே குழப்பம் உண்டு. 160 கிமீல போட்டா 100 மைல் தொட்டாச்சுன்னு சண்டை போடுவாங்க, தொடலை, 160ன்னா 99.4 மைல்தான், 100க்கு 160.93 வேணும். 2003 உலகக்கோப்பைல ஷோயப் அக்தர் போட்ட 161.3தான் 100.2 மைல்னு வந்துச்சு.

புயல் செய்தில காத்து வேகத்துக்குச் சொல்ற நாட் (knot) தனி ஜாதி, ஒரு நாட்னா மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிமீ. ரெண்டால பெருக்கி பத்துல ஒண்ணைக் கழிங்க, கொஞ்சம் கம்மியா வரும் ஆனா பரவால்ல. வானிலை மையம் 34 நாட்ல இருந்துதான் புயல்னு பேர் வைக்கும், 68ல 7 போக 61, அவங்க சொல்றது 62. நொடிக்கு மீட்டர்ல இருந்தா 3.6ஆல பெருக்கணும், ஸ்கூல்ல படிச்ச பதினெட்டுக்கு அஞ்சை தலைகீழா போட்டா அதுதான்.

கடைசியா ஜிம்முக்குப் போறவங்களுக்கு. ட்ரெட்மில்ல 6னு மட்டும் காட்டும், மைலா கிமீயான்னு எழுதியிருக்காது. தூரத்தை வச்சு கண்டுபிடிக்கலாம்னு நினைக்காதீங்க, 10 நிமிஷத்துல ரெண்டுலயும் 1.0ன்னுதான் காட்டும். காலை வச்சுதான் தெரிஞ்சுக்கணும், 6ல வேகமா நடந்தே சமாளிக்க முடிஞ்சா அது கிமீ, ஓடியே ஆகணும்னா அது மைல்.