கடத்திலிருந்து தொடங்குங்கள்: முதன்முறையாக ஜாஸ் ஃப்யூஷன் கேட்பவர்களுக்கு

ஜாஸை வேறு இசைகளோடு கலக்கும் ஜாஸ் ஃப்யூஷனில் எதை முதலில் கேட்பது என்று யார் கேட்டாலும் நான் ஒரே ஆல்பத்தைத்தான் சொல்கிறேன்: சக்தி குழுவின் 'எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி'. 1976 ஆகஸ்டில் லண்டன் ட்ரைடென்ட் ஸ்டுடியோவில் பதிவானது. கிதார் ஜான் மெக்லாக்லின், வயலின் எல்.ஷங்கர், தபலா ஜாகிர் ஹுசேன், கடம் விக்கு விநாயக்ராம். டிரம்ஸ் இல்லை, கீபோர்டு இல்லை, பேஸ் கிதாரும் இல்லை. பலர் கிதாரைப் பின்தொடர முயன்று பாதியில் திணறிப்போகிறார்கள். சென்னைக்காரர்களுக்கு அதைவிட நல்ல வாசல் இருக்கிறது: கடம்.

முதல் படி: நல்ல ஹெட்போன்

போனின் சின்ன ஸ்பீக்கரில் இதைக் கேட்காதீர்கள். இந்த ஆல்பத்தின் கனமெல்லாம் தபலாவின் இடக்கைப் பக்கத்திலும் கடத்தின் 'கும்' ஒலியிலும் இருக்கிறது; சின்ன ஸ்பீக்கரில் அந்த இரண்டும்தான் முதலில் காணாமல் போகும். பஸ்ஸிலும் வேண்டாம். நான் முதன்முதலில் 29சி பஸ்ஸில் கேட்டேன். ஹாரன் சத்தத்தில் எனக்குக் கிடைத்தது கிதாரும் வயலினும் மட்டும்தான். அன்றிரவு மொட்டைமாடியில் மறுபடி கேட்டபோதுதான் கடம் என்று ஒன்று அதில் இருப்பதே தெரிந்தது.

இரண்டாம் படி: ஐந்து நிமிடம், ஒரே வாத்தியம்

முதல் துண்டு 'லா டான்ஸ் து பொனெர்'. ஐந்து நிமிடம்கூட ஆகாது. வாயால் ஜதி சொல்லும் கொன்னக்கோலோடு தொடங்கும். சபாக்களில் கேட்ட அதே தகதிமிதான். அதைக் கேட்டதுமே பயம் போய்விடும். இப்போது கடத்தை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் ஓடட்டும்.

தபலாவையும் கடத்தையும் பிரித்துக் கேட்பதுதான் இங்கே கடினம். நான் பழகிய வழி இது. தபலாவின் இடப்பக்கத்தில் மணிக்கட்டை அழுத்தி நகர்த்தினால் நாதம் வழுக்கிக்கொண்டு மேலேறும், குழையும். கடம் அப்படிக் குழையாது. பானையின் வாயை வயிற்றில் அணைத்தால் ஆழமான 'கும்', கழுத்தருகே விரல்பட்டால் ஓட்டில் தட்டியது போன்ற கூரிய ஒலி. குழைந்தால் தபலா, தெறித்தால் கடம். வேகம் கூடக் கூட இந்த ஓர் அடையாளம்தான் கைகொடுக்கும். மூன்று நான்கு தடவை கேளுங்கள், அவசரம் வேண்டாம். தாளத்தை எண்ணவும் வேண்டாம். எண்ணத் தொடங்கினால் காது மூடிக்கொள்கிறது.

மூன்றாம் படி: 'கிருதி'

மூன்று நிமிடம். பெயரே சொல்லிவிடுகிறது, நமக்கு மிக நெருக்கமான துண்டு. ஒருமுறை கேட்டுவிட்டு நகருங்கள்.

நான்காம் படி: இப்போது கிதார்

மெக்லாக்லின் ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸோடு 'பிட்ச்சஸ் ப்ரூ' ஆல்பத்தில் வாசித்தவர். பிறகு மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா என்ற பெயரில், காதைப் பிளக்கும் மின்கிதாரோடு உலகம் சுற்றியவர். அதே மனிதர் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் எஸ்.ராமநாதனிடம் வீணை பயின்றார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது. சக்திக்காக அவர் செய்வித்துக்கொண்ட கிதாரில் குறுக்காக ஏழு பரிவுத் தந்திகள், அதாவது மற்றத் தந்திகளை மீட்டும்போது தாமே அதிரும் தந்திகள், உண்டு. கிதார் கழுத்தில் ஃப்ரெட்டுகளுக்கு (வீணையின் மெட்டு போன்றவை) நடுவே மரத்தைக் குழிவாகக் குடைந்திருந்தார்கள். தந்தியை ஆழமாக அழுத்தி வளைத்து, ஸ்வரத்தை அசைத்துக் குழைக்கும் கமகம் கொண்டுவரத்தான் அந்த ஏற்பாடு.

பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் நீளும் 'இந்தியா'வை இதை மனத்தில் வைத்துக் கேளுங்கள். ஜாஸில் முதலில் ஒரு மெட்டை எல்லோரும் வாசிப்பார்கள், பிறகு ஒவ்வொருவராகக் கற்பனையை விரிப்பார்கள், கடைசியில் மெட்டுக்குத் திரும்புவார்கள். பல்லவி, கல்பனாஸ்வரம், மறுபடி பல்லவி என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதைத் தனியாகக் கற்றுத்தர வேண்டியதில்லை. கிதாரில் ஒவ்வொரு ஸ்வரமும் மீட்டப்பட்டுத் தனித்தனியாக விழும். வயலின் வில்லோ அவற்றை இழையாகக் கோத்துவிடும். இரண்டும் ஒரே வேகத்தில் ஒரே ஸ்வரங்களைச் சேர்ந்து வாசிக்கும் இடங்களை விடாதீர்கள். என்னைப் பொறுத்தவரை இந்த ஆல்பத்தின் உச்சம் அந்த இடங்கள்தான்.

ஐந்தாம் படி: 'ஐஸிஸ்'

பதினைந்து நிமிடம். இரவில், விளக்கை அணைத்துவிட்டு, ஒரே மூச்சில் கேளுங்கள். நடுவில் வழி தவறினால் கடத்தைத் தேடிப் பிடியுங்கள், அது உங்களை மீட்டுக் கொண்டுவரும். முடிந்தவுடன் ஹெட்போனைக் கழற்றிவிடாதீர்கள். அடுத்து வரும் 'டூ சிஸ்டர்ஸ்' ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அத்தனை ஓட்டத்துக்குப் பிறகு அந்த அமைதி வேண்டும்.

இன்னும் ஒரு படி பாக்கி. மார்கழியில் ஏதாவது ஒரு சபாவில் கடம் இருக்கும் கச்சேரிக்குப் போங்கள். தாளவாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் பாதி அரங்கம் கேன்டீனுக்கு எழுந்துபோகும். நீங்கள் கடக்காரர் பக்கமாகக் காலியான நாற்காலி ஒன்றில் போய் உட்கார்ந்துகொள்ளுங்கள்.