ஒரே நபியின் வரலாற்றை மூன்று மரபுகளின் வேதங்களிலும் வாசிக்கும் முறை

யூதம், கிறிஸ்தவம், இஸ்லாம் ஆகிய மூன்றும் ஆபிரகாம் அல்லது இப்ராஹீம் என்று அழைக்கப்படும் ஒருவரிலிருந்தே தம் இறைநம்பிக்கையின் வழியைக் கணக்கிடுகின்றன. ஆகவே ஒரு மரபில் வளர்ந்தவர் மற்றொரு மரபின் வேதத்தைத் திறக்கும்போது, பழகிய பெயர்களையே எதிர்கொள்கிறார். சம்பவங்கள் சற்று மாறியிருப்பதைக் கண்டவுடன், "இவர்கள் கதையைத் தவறாகச் சொல்லியிருக்கிறார்கள்" என்ற முடிவுக்கும் பெரும்பாலும் வந்துவிடுகிறார். அந்த முடிவைத் தள்ளிவைத்து, ஒவ்வொரு வேதமும் அந்த வரலாற்றை எதற்காகச் சொல்கிறது என்று பார்க்கப் பழகுவதற்கான முறையே இங்கே விளக்கப்படுகிறது.

எந்த வரலாற்றில் தொடங்குவது

மோசே அல்லது மூஸாவின் வரலாற்றில் தொடங்குவதை நான் பரிந்துரைப்பதில்லை. குர்ஆனில் மிக அதிகமாகப் பெயர் சொல்லப்படும் நபி அவர்தான் என்றாலும், அவருடைய செய்திகள் பல சூராக்களில், அதாவது குர்ஆனின் அத்தியாயங்களில், சிதறிக் கிடப்பதால், புதிதாக வாசிப்பவர் எதை எதனோடு ஒப்பிடுவது என்று தெரியாமல் திணறிப்போவார். யோசேப்பு, அதாவது யூசுஃப் நபியின் வரலாறே தொடக்கத்துக்கு ஏற்றது. குர்ஆனின் 12-ஆம் சூரா 111 வசனங்களில் அதை முதலிலிருந்து முடிவுவரை ஒரே தொடர்ச்சியாகச் சொல்கிறது. விவிலியத்தில் அது ஆதியாகமத்தின் 37 முதல் 50 வரையிலான அதிகாரங்களில் இருக்கிறது. கத்தோலிக்கர் பயன்படுத்தும் பொது மொழிபெயர்ப்பில் இந்த நூலின் பெயர் தொடக்கநூல். யூதர்களின் அடிப்படை வேதமான தோராவிலும் இதுவே முதல் நூல் என்பதால், இந்த ஒரு பகுதியை வாசித்தால் இரண்டு மரபுகளின் மூலத்தையும் வாசித்ததாகிவிடும்.

முழுவதும் வாசித்த பின்பே ஒப்பிடுதல்

வசனத்துக்கு வசனம் பக்கத்தில் வைத்து வாசிப்பது கூர்மையான முறைபோலத் தோன்றினாலும், முதல் வாசிப்பில் அது கெடுதலே செய்யும். ஒரு நூலை முடித்துவிட்டு மற்றதை எடுக்க வேண்டும். அப்படி வாசித்தால்தான் ஆதியாகமம் ஒரு குடும்பத்தின் வரலாற்றைச் சொல்கிறது என்பதும், பஞ்சத்தின் வழியாக இஸ்ரவேலர் எகிப்துக்குள் எப்படி வந்தார்கள் என்று காட்டி, அவர்கள் அங்கிருந்து வெளியேறுவதைச் சொல்லும் அடுத்த நூலான யாத்திராகமத்துக்குக் களம் அமைக்கிறது என்பதும் புலப்படும். அதனால்தான் தானியத்துக்கு ஈடாக மக்களின் நிலங்கள் பார்வோனுக்குச் சொந்தமான விவரம்கூட அதன் 47-ஆம் அதிகாரத்தில் இடம்பெறுகிறது. குர்ஆனுக்கு அந்த விவரம் தேவைப்படவில்லை. மக்காவில் தம் சொந்த மக்களாலேயே மறுக்கப்பட்ட நிலையில் இருந்த முஹம்மது நபிக்கு அருளப்பட்டதாக முஸ்லிம்கள் கொள்ளும் அந்தச் சூரா, சகோதரர்களால் கைவிடப்பட்ட ஒருவரை இறைவன் எப்படி உயர்த்தினான் என்பதிலேயே கண் வைத்திருக்கிறது. சிறையில் கனவுக்கு விளக்கம் கேட்டு வந்த இருவரிடமும் யூசுஃப் முதலில் ஏக இறைவனைப் பற்றிப் பேசிவிட்டே விளக்கம் சொல்கிறார் (12:37–41).

ஒரு காட்சியை நிறுத்திப் பார்த்தல்

இரண்டாவது வாசிப்பில் ஒரே ஒரு காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். இரத்தம் தோய்ந்த ஆடையை மகன்கள் தந்தையிடம் கொண்டுவரும் இடம் இதற்கு மிகப் பொருத்தமானது. ஆதியாகமத்தில் யாக்கோபு அந்த அங்கியை அடையாளம் கண்டு, கொடிய மிருகம் தன் மகனைத் தின்றுவிட்டது என்று நம்பி, ஆடையைக் கிழித்து, இரட்டு உடுத்திப் பல நாள் துக்கம் கொண்டாடுகிறார் (37:33–34). குர்ஆனிலோ யஃகூப் நபி அந்தச் சட்டையில் இருப்பது பொய்யான இரத்தம் என்பதை உணர்ந்து, இது உங்கள் மனம் புனைந்த காரியம், அழகிய பொறுமையே எனக்கு வழி என்ற பொருளில் பதில் சொல்கிறார் (12:18). முதல் யாக்கோபு மகன்களால் ஏமாற்றப்பட்ட தந்தை. இளமையில் தானே ஆட்டுத்தோலை அணிந்து தன் தந்தையை ஏமாற்றியவர் இப்போது ஆட்டுக் குட்டியின் இரத்தத்தால் ஏமாறுகிறார் என்பதை அந்நூல் வாசகரின் கவனத்துக்கே விட்டுவிடுகிறது. இரண்டாமவர் நபி. நீங்கள் அறியாததை அல்லாஹ்விடமிருந்து நான் அறிகிறேன் என்று பின்னர் அவரே சொல்கிறார் (12:86). ஆனாலும் அந்த அறிவு அவருடைய துயரத்தைத் துடைத்துவிடவில்லை. அழுது அழுது அவருடைய கண்கள் வெளுத்துப்போயின என்று அதே சூரா கூறுகிறது. இந்த இரண்டில் எது அழகு என்று கேட்பதைவிட, ஒவ்வொன்றிலும் நபி என்பவரிடம் எது எதிர்பார்க்கப்படுகிறது என்று கேட்பதே பயன் தரும்.

சட்டையை மட்டும் பின்தொடர்ந்தாலும் ஒரு முழு வாசிப்பு கிடைக்கும். குர்ஆனில் அது மூன்று முறை வருகிறது: பொய் இரத்தத்தோடு ஒரு முறை, பின்புறம் கிழிந்து யூசுஃபின் குற்றமின்மைக்குச் சான்றாக ஒரு முறை, தந்தையின் முகத்தில் போடப்பட்டு அவருக்குப் பார்வையை மீட்டுத் தருவதாக ஒரு முறை. ஆதியாகமத்தில் யோசேப்பின் எகிப்திய எஜமானரான போத்திபாரின் மனைவியின் கையில் சிக்கிய வஸ்திரம் யோசேப்புக்கு எதிரான சாட்சியாகவே பயன்படுகிறது.

வேதமும் வேதத்தைச் சூழ்ந்தவையும்

குறிப்பெடுக்கும்போது, வேதத்தில் உள்ளது எது, பிற்கால விளக்கங்களில் உள்ளது எது என்று கட்டாயம் பிரித்து எழுதுங்கள். யூசுஃபை விரும்பிய பெண்ணின் பெயர் ஸுலைகா என்று பலரும் உறுதியாகச் சொல்வார்கள். குர்ஆனிலும் அந்தப் பெயர் இல்லை, ஆதியாகமத்திலும் இல்லை. ஏதேன் தோட்டத்தில் உண்ணப்பட்ட கனி ஆப்பிள் என்று இரண்டுமே கூறவில்லை. குழந்தை இயேசுவைக் காண வந்த ஞானிகள் மூவர் என்று மத்தேயு எண்ணிக்கை தரவில்லை. தஃப்ஸீர் எனும் குர்ஆன் விரிவுரை, மித்ராஷ் எனும் யூத வேத விளக்கம், திருச்சபைத் தந்தையர் எனப்படும் தொடக்ககாலக் கிறிஸ்தவ அறிஞர்களின் உரை ஆகியவை அந்தந்த மரபின் சொத்துகள்தாம். ஆயினும் அவற்றின் இடம் வேறு.

இந்தப் பிரிப்பு எவ்வளவு முக்கியம் என்பது மகனைப் பலியிடும்படி இப்ராஹீம் சோதிக்கப்பட்ட நிகழ்வில் தெரியும். ஆதியாகமம் 22-ஆம் அதிகாரம் மகனின் பெயரை ஈசாக்கு என்று வெளிப்படையாகச் சொல்கிறது. குர்ஆனின் 37-ஆம் சூரா அந்த மகனின் பெயரைச் சொல்வதில்லை. அவர் இஸ்மாயீல் என்பதே இன்று முஸ்லிம்களிடையே பரவலான கருத்து; குர்ஆன் விரிவுரையாளர் இப்னு கஸீர் அதையே நிறுவுகிறார். ஆனால் அவருக்குச் சில நூற்றாண்டுகள் முற்பட்ட விரிவுரையாளர் அத்தபரீ அந்த மகன் இஸ்ஹாக் (ஈசாக்கு) என்றே கருதினார். பெயரைப் பற்றிய விவாதத்திலேயே நேரம் கரைந்துவிடுவதால், குர்ஆனில் தந்தை மகனிடம் கனவைச் சொல்லிக் கருத்துக் கேட்பதையும், மகன் முழு மனத்துடன் இணங்குவதையும் (37:102) பலர் கவனிப்பதே இல்லை.

நம்பிக்கையே வேறுபடும் இடங்கள்

சில வேறுபாடுகள் கதைசொல்லலில் மட்டுமல்லாமல் கோட்பாட்டிலேயே வேர்கொண்டவை. அவற்றை மழுப்பக் கூடாது. சாமுவேலின் இரண்டாம் நூலில் (11–12) பிறன் மனைவியான பத்சேபாள் தொடர்பில் தாவீது பெருங்குற்றம் செய்கிறார். அங்கே அவர் அரசர், அவரைக் கண்டிக்கும் தீர்க்கதரிசி நாத்தான். குர்ஆனில் தாவூத் ஸபூர் வேதம் வழங்கப்பட்ட நபி. 38-ஆம் சூராவில் தொண்ணூற்றொன்பது ஆடுகள் உடையவனின் வழக்கு வருகிறது. தாம் சோதிக்கப்பட்டதை உணர்ந்து அவர் பாவமன்னிப்புக் கோருகிறார். ஆனால் பத்சேபாளைப் பற்றிய பேச்சே அங்கு இல்லை. நபிமார்கள் பெரும்பாவங்களிலிருந்து காக்கப்பட்டவர்கள் என்ற இஸ்லாமிய நம்பிக்கையை அறியாமல் இதை வாசித்தால், ஏதோ விடுபட்டதுபோல் தோன்றும்.

ஈஸா நபியை, அதாவது இயேசுவைப் பற்றிய பகுதிகளுக்கும் இது பொருந்தும். கிறிஸ்தவர்களுக்கு இயேசு இறைமகன். முஸ்லிம்களுக்கு அவர் கன்னி மர்யமின் மகனாகப் பிறந்த, மதிப்புக்குரிய இறைத்தூதர். யூத மரபு அவரைத் தீர்க்கதரிசியாக ஏற்பதில்லை. ஆகாய், சகரியா, மல்கியா ஆகியோருடன் தீர்க்கதரிசனம் நின்றுவிட்டதாக யூதச் சட்ட, விளக்கத் தொகுப்பான தல்மூது கூறுகிறது. முஹம்மது நபியே இறுதி நபி என்பது இஸ்லாத்தின் அடிப்படை (33:40).

அடுத்து வாசிக்க வேண்டியவை

யூசுஃபுக்குப் பிறகு யூனுஸ் அல்லது யோனாவை எடுக்கலாம். யோனாவின் நூல் நான்கே அதிகாரங்கள். குர்ஆனில் 37:139–148, 21:87–88, 68:48–50, 10:98 ஆகியவற்றைச் சேர்த்து வாசியுங்கள். யூதர்கள் இந்த நூலைப் பாவமன்னிப்புக்கான யோம் கிப்பூர் நாளின் பிற்பகலில் வாசிக்கிறார்கள் என்பதை நினைவில் கொண்டால், மனந்திரும்புதல் அதில் பெறும் இடம் தெளிவாகும். மூஸாவுக்கு அதன் பிறகு வரலாம். அவரைப் பொறுத்தவரை யாத்திராகமத்தின் முதல் பதினைந்து அதிகாரங்களை முடித்துவிட்டு, குர்ஆனில் 28, 20, 26, 7 என்ற வரிசையில் சூராக்களை எடுப்பது எளிது. 28-ஆம் சூரா அவர் குழந்தையாக ஆற்றில் விடப்பட்டதிலிருந்தே தொடங்குகிறது. 18-ஆம் சூராவில் அறிவு தேடி அவர் மேற்கொள்ளும் பயணத்துக்கு (18:60–82) யாத்திராகமத்தில் இணையான பகுதி கிடையாது. அதைத் தனியாகவே வாசித்துக்கொள்ளலாம்.