புதிய ஆசிரியருக்கு முதல் பருவத்தில் துணை நிற்பது எப்படி?

புதிய ஆசிரியருக்கு யார் வழிகாட்டுவது என்பதை, அவர் பணியில் சேரும் நாளுக்கு முன்பே தலைமையாசிரியர் முடிவு செய்துவிட வேண்டும். அதே பாடத்தையோ அதே வகுப்பையோ கற்பிப்பவரே பொருத்தமானவர். பணிமூப்பை மட்டும் பார்த்து ஆங்கில ஆசிரியருக்குக் கணக்கு ஆசிரியரை வழிகாட்டியாக்கினால் நட்பு வளரும், பாடம் வளராது. அமெரிக்காவில் ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2004ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்று, ஏழை மாணவர்கள் பயிலும் பள்ளிகளின் புதிய ஆசிரியர்களுக்கே இத்தகைய துணையும் பாடத்திட்ட உதவியும் குறைவாகக் கிடைத்ததைக் காட்டியது.

மதுரை நகரில் அதிகக் கட்டணம் பெறும் தனியார் பள்ளிகளில் பாட ஒருங்கிணைப்பாளரும் ஆயத்தமான பாடக்குறிப்புகளும் இருப்பதால், வேறு உதவி தேவையில்லை என்று நிர்வாகம் எண்ணிவிடக்கூடும். ஆனால் வகுப்பைப் பார்வையிடுபவரே மதிப்பீட்டு அறிக்கையும் எழுதினால், புதியவர் தம் ஐயங்களை மறைக்கவே பழகுவார். எனவே வழிகாட்டியிடம் மதிப்பிடும் பொறுப்பைக் கொடுக்காதீர்கள். பெற்றோரின் வாட்ஸ்அப் புகார்களுக்கும் முதல் பருவம் முழுவதும் ஒருங்கிணைப்பாளரே பதில் சொல்லட்டும்.

உசிலம்பட்டி, சேடபட்டி, கொட்டாம்பட்டி வட்டாரங்களின் ஈராசிரியர் பள்ளிகளில் சிக்கலே வேறு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி 60 குழந்தைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள்தாம். ஐந்து வகுப்புகளை இருவர் பகிர்ந்துகொள்ளும் இடத்தில், ஒருவர் வகுப்பில் மற்றவர் அமர்ந்து கவனிப்பதற்கு நேரம் ஏது? ஆகவே அருகருகே உள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில், பக்கத்துப் பள்ளியின் அனுபவமுள்ள ஆசிரியர் ஒருவரை வழிகாட்டியாகக் கேட்டுப் பெறுங்கள்; பள்ளிகளுக்குச் சென்று ஆசிரியர்களுக்குத் துணைபுரியும் வட்டார வளமையப் பயிற்றுநர் உங்கள் பள்ளிக்கு வரும் நாளில் புதியவரின் வகுப்பில் ஒரு முழுப் பாடவேளை இருக்கும்படி கேளுங்கள். ஒரே அறையில் கற்றல் திறனுக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரித்த மூன்று நிலைக் குழந்தைகளை வைத்து, அடிப்படை எழுத்தறிவுக்கும் எண்ணறிவுக்குமான அரசுத் திட்டமான 'எண்ணும் எழுத்தும்' பாடத்தை நடத்துவதுதான் புதியவரைத் திணறவைக்கும் என்பதால், ஒரு நிலைக்குக் கற்பிக்கும்போது மற்ற இரு நிலைகளுக்கு என்ன வேலை தருவது என்பதையே அந்நேரத்தில் செய்துகாட்டச் சொல்ல வேண்டும்.

கைப்பேசி பழகிய இளையவர் என்பதற்காக எமிஸ் எனும் அரசின் இணையவழிப் பள்ளித் தகவல் தளத்துக்கான பதிவுகள் அனைத்தையும் அவர் தலையில் கட்டுவது நம் பள்ளிகளில் இயல்பாகிவிட்டது. முதல் பருவத்தில் தம் வகுப்பின் வருகைப்பதிவு மட்டும் அவருக்குப் போதும். மாலைப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவரைப் பள்ளி முடிந்தபின் நிறுத்திப் பேசாமல், மதிய இடைவேளையில் வாரம் ஒரு நாளை இதற்கென ஒதுக்குங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவின் அடுத்த கூட்டத்தில் அவரைப் பெற்றோருக்கு அறிமுகப்படுத்திவிட்டால், தொடர்ந்து வராத குழந்தையைத் தேடி வீட்டுக்குச் செல்வது அவருக்கு எளிதாகும். முதல் பருவத் தேர்வுக்குப் பின், அவர் விரும்பினால் மட்டும், வழிகாட்டியின் வருகையை மாதம் ஒரு முறையாகக் குறைத்துக்கொள்ளலாம்.