முல்லைத்தீவுக் கரையில் குடியேற நினைக்கிறவருக்கு

காணி பார்க்க இரண்டு தரம் வாருங்கள். மார்கழியில் வந்தால் வெள்ளம் எதுவரை ஏறும் என்று தெரியும். ஆவணியில் வந்தால் கிணற்றுத் தண்ணீரில் வெறும் தேத்தண்ணீர் போட்டுக் குடியுங்கள். உவர் இருந்தால் உடனே பிடிபடும்.

என் மருமகன் வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடு வந்து, அலம்பில் பக்கம் ஒரு காணிக்கு அன்றைக்கே முற்பணம் கொடுத்துவிட்டான். பிறகுதான் அது பெமிற் காணி, அதாவது அரசு அனுமதிப் பத்திரத்தில் கொடுத்த, நினைத்தபடி விற்க முடியாத காணி என்று தெரிந்தது. காசு போனது போனதுதான். சரி, சொந்தப் பத்திரம் உள்ள உறுதிக் காணி என்றாலும் இலங்கையின் 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டவருக்கு விற்று எழுத முடியாது; கூடியது 99 வருடக் குத்தகைக்கு எடுக்கலாம். இரட்டைக் குடியுரிமை இருந்தால் இந்தத் தடை இல்லை. ஆகவே முதலில் உறுதி எழுதும் நொத்தாரிசு, பிறகு கடற்காற்று.

நந்திக்கடல் என்ற களப்புக்கும் பெருங்கடலுக்கும் நடுவே உள்ள ஒடுங்கிய நிலம் அழகுதான். 2004 சுனாமியைக் கண்ட எனக்கு அங்கே நித்திரை வராது. கரையிலிருந்து உள்ளே தள்ளி, முள்ளியவளைப் பக்கம் இருந்துகொண்டு கடலுக்குப் போய்வருவேன்.

கரையோரம்தான் வேண்டும் என்றால், விடியப்புறம் போய்ச் சம்மாட்டியிடம் (வலைக்குச் சொந்தக்காரர்) கரைவலைப் பாடு, அதாவது கரையில் நின்று வலை இழுக்கும் இடம், எதுவரை என்று கேளுங்கள். அதை மறித்து வேலி போட்டால் ஊரில் ஒருவரும் முகம் கொடுக்கமாட்டார்கள்.