ஹாம் பீன்ஸ் சூப்பில் பீன்ஸ் வேகவே இல்லையா?

ஹாம் (உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றித் தொடைக்கறி) எலும்பு போட்டுச் செய்யும் பீன்ஸ் சூப் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் சாறு மணக்க மணக்கக் கொதித்தாலும் வெள்ளை பீன்ஸ் மட்டும் நடுவில் கடினமாகவே நிற்கும்.

காரணம், சூப்பில் முதலிலேயே போட்ட தக்காளி. அதன் புளிப்பு பீன்ஸை இளக விடாது. கடின நீரில் உள்ள கால்சியமும் அப்படித்தான். இப்போது பீன்ஸை இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுகிறேன். புதுத் தண்ணீரில் அரை கிலோ பீன்ஸுக்குக் கால் டீஸ்பூன் சமையல் சோடா சேர்த்து, எலும்போடு சிறுதீயில் வேகவிடுகிறேன். சோடா கூடினால் சோப்பு வாடை வந்துவிடும், கவனம். பீன்ஸ் விரலால் அழுத்தினால் நசுங்க வேண்டும். அதுவரை தக்காளியைத் தொடுவதே இல்லை. பல மாதம் கிடந்த பழைய பீன்ஸ் என்றால் நேரம் இன்னும் கூடும்.

அப்புறம் உப்பு. ஹாமிலேயே நிறைய இருக்கிறது, அதனால் கடைசியில் ருசி பார்த்துத்தான் போடுகிறேன். சூப் கெட்டியாக மாவு வேண்டாம். இரண்டு கரண்டி பீன்ஸை மசித்துத் திரும்பக் கலந்தாலே போதும். எலும்பிலிருந்து பிரித்த கறித்துண்டுகளைக் கடைசிப் பத்து நிமிடத்தில் சேர்த்தால் நார்நாராகப் போகாமல் மெத்தென்று இருக்கும்.