ஆய்வேடு முடியட்டும், பிறகு வேலை தேடலாம் என்று இருக்காதீர்கள்

மே மாதம் வந்தால் எனக்குச் சில மின்னஞ்சல்கள் வரும். இந்தியாவிலிருந்து அமெரிக்கா சென்று வானியற்பியலில் முனைவர் பட்டத்தை முடிக்கப்போகும் மாணவர்கள் எழுதுபவை. "ஆய்வேடு முடிந்துவிட்டது, இனி போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பணி) தேட வேண்டும், எங்கே விண்ணப்பிக்கலாம்?" என்று கேட்டிருப்பார்கள். எங்கள் தலைமுறை இடறிய அதே இடத்தில் இவர்களும் இடறுவதைப் பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை. இலக்கணப் பிழை, கடைசி நாளில் விண்ணப்பிப்பது போன்றவற்றைப் பற்றி இங்கே நான் எழுதப்போவதில்லை. அவை எல்லோருக்கும் தெரிந்தவை. யாரும் எடுத்துச் சொல்லாத தவறுகளை மட்டும் கீழே வரிசைப்படுத்துகிறேன்.

கடன் வாங்கி முதுகலைப் படிப்பு

அமெரிக்காவில் வானியற்பியல் முனைவர் படிப்புக்கு மாணவர் கைப்பணம் கட்டுவது வழக்கமில்லை. கல்விக் கட்டணம் தள்ளுபடியாகும். வகுப்பு எடுப்பதற்கோ ஆராய்ச்சியில் உதவுவதற்கோ மாதந்தோறும் உதவித்தொகையும் கிடைக்கும். இங்கே எம்.எஸ்சி. முடித்தவர் நேரடியாக அதற்கு விண்ணப்பிக்கலாம். வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்து அங்கே மறுபடியும் ஒரு முதுகலை படிக்க வேண்டியதில்லை. முதுகலைதான் வேண்டும் என்றால் ஜெர்மனியைப் பாருங்கள். பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாது. ஹைடெல்பர்க் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்தில்கூட, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவரிடம் பருவத்துக்கு 1,500 யூரோதான் வாங்குகிறார்கள்.

மொட்டை மாடியில் நட்சத்திரம் பார்த்த கதை

விண்ணப்பக் கட்டுரையில் வேண்டாம்.

பதவியைப் பார்த்துப் பரிந்துரை கேட்பது

உங்களை ஒருமுறைகூடப் பார்த்திராத கல்லூரி முதல்வரின் கடிதம் எதற்கும் உதவாது. கோடை விடுமுறையில் பெங்களூரு இந்திய வான் இயற்பியல் நிறுவனத்திலோ புனேயில் உள்ள ஐயூகா என்ற வானியல் ஆய்வு மையத்திலோ இரண்டு மாதம் உங்களோடு உட்கார்ந்து தரவுகளை அலசியவர் எழுதட்டும். அவர் இளம் விரிவுரையாளராக இருந்தாலும் சரி.

ஆய்வேடு முடியட்டும் என்று காத்திருப்பது

இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் துறையில் வேலைக்கு ஒரு பருவம் உண்டு. அமெரிக்க வானியல் கழகத்தின் வேலைவாய்ப்புப் பதிவேட்டில் ஆகஸ்டு, செப்டம்பரிலிருந்து அறிவிப்புகள் குவியத் தொடங்கும். போஸ்ட்டாக்குகளுக்கான நாசா ஹபிள் ஃபெலோஷிப்புக்கு நவம்பர் தொடக்கத்துக்குள்ளேயே கெடு முடிந்துவிடும். மற்றவற்றில் பெரும்பாலானவை டிசம்பருக்குள் முடியும். பிப்ரவரி 15-க்கு முன் பதில் சொல்லும்படி யாரையும் நெருக்கக் கூடாது என்பது துறையில் உள்ள உடன்பாடு. அந்தத் தேதியை ஒட்டிப் பெரும்பாலான இடங்கள் நிரம்பிவிடும். சேர்வது அந்த ஆண்டு செப்டம்பரில். ஆக, 2027 செப்டம்பரில் சம்பளம் வாங்க வேண்டுமென்றால் 2026 கோடையிலேயே ஆராய்ச்சித் திட்டத்தை எழுதத் தொடங்கியிருக்க வேண்டும். அப்போது ஆய்வேட்டில் பாதிகூட எழுதியிருக்க மாட்டீர்கள். அது இயல்புதான், எல்லோரும் அந்த நிலையில்தான் விண்ணப்பிக்கிறார்கள்.

அமெரிக்கக் குடிமகன் இந்தப் பருவத்தைத் தவறவிட்டால் அவனுக்கு ஓர் ஆண்டு வீணாகும். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர் தவறவிட்டால் அந்த நாட்டில் இருக்கும் உரிமையே போய்விடக்கூடும்.

எனக்குத் தெரிந்த திருநெல்வேலிப் பெண் ஒருவர் புறக்கோள்களின் (வேறு விண்மீன்களைச் சுற்றும் கோள்களின்) வளிமண்டலத்தில் அருமையாக ஆய்வு செய்துகொண்டிருந்தார். அக்டோபரில் விண்ணப்பிக்கப் போவதாகச் சொன்னபோது, "முதலில் கடைசி அத்தியாயத்தை முடி, வேலை தானாக வரும்" என்று வழிகாட்டி தடுத்துவிட்டார். மே மாதம் ஆய்வேட்டை முடித்தார், பாராட்டும் வாங்கினார். படிப்பு முடிந்த 60 நாளுக்குள் ஓபிடி என்ற வேலை அனுமதி தொடங்கியாக வேண்டும். அவருக்கு ஜூலையில் தொடங்கியது. அந்த அனுமதிக் காலத்தில் வேலையில்லாமல் மொத்தம் 90 நாள்தான் இருக்கலாம். அக்டோபரில் அது தீர்ந்தது. அவர் விண்ணப்பிக்கக்கூடிய வேலைகளோ அதற்கடுத்த செப்டம்பரில் தொடங்குபவை. இடையில் பதினோரு மாதம். ஊர் திரும்பினார். பாதியில் நின்ற அவருடைய கட்டுரையை வேறொருவர் முடித்து, முதல் பெயராகத் தன் பெயரைப் போட்டுக்கொண்டார். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது.

வழிகாட்டிக்கு வேலைப் பருவம் தெரியும், விசா விதி தெரியாது. பன்னாட்டு மாணவர் அலுவலகத்துக்கு விசா விதி தெரியும், வானியற்பியலில் எந்த மாதம் ஆள் எடுப்பார்கள் என்று தெரியாது. இரண்டு நாள்காட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியவர் மாணவர் ஒருவர்தான். அவரிடம் அதை யாரும் சொல்வதில்லை.

எனவே கடைசி ஆண்டு தொடங்கும் முன்பே இரண்டு கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். வேலை அமையாவிட்டால் இன்னும் ஓராண்டு என்னை வைத்துக்கொள்ளப் பணம் இருக்கிறதா என்று வழிகாட்டியிடம். ஐ-20 என்ற மாணவர் தகுதிச் சான்று எப்போது காலாவதியாகிறது, நீட்டிப்புக்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும் என்று அலுவலகத்திடம். காலாவதியான பிறகு கேட்டால் பயனில்லை. பிப்ரவரி முடிந்தும் வேலை கிடைக்காவிட்டால், செய்து முடிக்க வேண்டிய ஆய்வு மிச்சமிருக்கும் நிலையில், அவசரப்பட்டு ஆய்வேட்டைச் சமர்ப்பிக்காதீர்கள். அதற்குள் சமர்ப்பித்துவிட்டவருக்கு ஒரு சிறு வழி இருக்கிறது. ஓபிடியின் முதல் 12 மாதத்தில், படித்த துறையிலேயே வாரம் 20 மணி நேரத்துக்குக் குறையாமல் செய்யும் ஊதியமில்லாப் பணியும், தொழிலாளர் சட்டத்தை மீறாதவரை, வேலையாகவே கணக்கில் சேரும். வயிற்றுப்பாட்டுக்கு அது போதாது. ஆனால் 90 நாள் கரையாமல் நிற்கும்.

குடியுரிமை வரியைப் படிக்காமல் விடுவது

அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் முனைவர் பட்ட உதவித்தொகையும் வானியல் போஸ்ட்டாக் ஃபெலோஷிப்பும் குடிமக்களுக்கும் நிரந்தரமாக வசிக்கும் உரிமை (கிரீன் கார்டு) பெற்றவர்களுக்கும் மட்டுமே. அவற்றுக்காக மாதக்கணக்கில் எழுதி ஏமாந்தவர்கள் உண்டு. அதைவிட வருத்தமானது இதற்கு நேரெதிரான தவறு. நாசா என்ற பெயரைக் கண்டதுமே நமக்கில்லை என்று ஒதுங்கிவிடுகிறார்கள். ஹபிள் ஃபெலோஷிப்புக்கு எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம்.

ஜே-1 வகையைப் பார்க்காமல் கையெழுத்திடுவது

ஜே-1 என்பது பரிமாற்ற வருகையாளர் விசா. சில மாத வருகைக்கு அதில் 'ஆராய்ச்சி அறிஞர்' வகையில் போய்த் திரும்பினால், அதே வகையில் மறுபடி நுழைய 24 மாதம் காத்திருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட பயணம் என்றால் 'குறுகிய கால அறிஞர்' வகையைக் கேட்டு வாங்குங்கள்.

இந்தியா திரும்புவதைப் பிறகு யோசிப்பது

முனைவர் பட்டத்துக்கு ஆறு ஆண்டு, அதன்பின் இரண்டு போஸ்ட்டாக் என்று போனால் வயது முப்பத்தைந்தை நெருங்கிவிடும். இந்திய அரசின் இன்ஸ்பயர் ஆசிரியர் ஃபெலோஷிப் போன்றவற்றுக்கு வயது வரம்பு உண்டு. திரும்பும் எண்ணம் சிறிதாவது இருந்தால், முதல் போஸ்ட்டாக்கின்போதே விடுமுறைக்கு வரும்போது பெங்களூரிலும் புனேயிலும் மும்பையிலும் ஒரு கருத்தரங்க உரை தர அனுமதி கேட்டு எழுதுங்கள். பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்பே எழுதிவிட்டால் தேதி கிடைப்பது எளிது.